டிமென்ஷியா நோயரின் சொல்மீட்பு இடர்ப்பாடும் மொழிவழிச் சிகிச்சையும்: தமிழ்ச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

டிமென்ஷியாவுக்கு உள்ளானோரிடம் தொடக்கத்திலேயே காணப்பெறும் குறைகளுள் ஒன்று, வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் நாவிற்கு வராமை. இக்குறையை மறதி என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொதுவழக்கு. எனினும், பொருளறிவு தேய்வதால் சொல் மறைதலும், பொருள் நிலைத்திருக்க ஒலிவடிவம் மட்டும் எட்டாது போதலும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை விளக்கி, மொழிவழிச் சிகிச்சையின் நெறிகள், பயன், எல்லை ஆகியவற்றை எடுத்துரைத்து, தமிழின் இரட்டை வழக்கு, எழுத்தமைப்பு, வினைச்சொல் வளம், உறவுப்பெயர் மரபு ஆகியன இச்சிகிச்சையில் எவ்வாறு கருதப்பெற வேண்டும் என்பதை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: டிமென்ஷியா, சொல்மீட்பு, பொருட்குறிப்பு, ஒலிக்குறிப்பு, இரட்டை வழக்கு, உரையாடல் துணைவர்.

முன்னுரை

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பெற்ற 51 வயதுப் பெண்ணொருவரை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் வினவிக் குறிப்பெடுத்தார். பென்சில், பேனா, பணப்பை, சாவி முதலியவற்றைக் காட்டியபோது அப்பெண் சரியாகப் பெயர் சொன்னார். நண்பகல் உணவில் காலிபிளவரும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம், உண்பது யாது என வினவியபோது, பசலைக்கீரை என விடை வந்தது. பின்னர் அல்சைமர் நோய் எனப் பெயர்பெற்ற நிலையின் முதல் நோய்க்குறிப்பிலேயே சொல் பிறழ்ந்த செய்தி பதிவாகியுள்ளது. பிறழ்ந்த சொல்லும் உணவுப்பெயராகவே இருந்தமை கருதத்தக்கது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோரைப் பேணுவோர் குடும்பத்தினரே. சொல் வராத முதியவர் தடுமாறும்போது அதனைப் பிடிவாதம் என்றோ கவனக்குறைவு என்றோ வீட்டார் கொள்வதுண்டு. தடுமாற்றத்திற்கு அஞ்சி முதியவர் பேச்சைக் குறைத்துக்கொள்வதும், பேச்சுக் குறையக் குறைய எஞ்சிய சொற்களும் வழக்கிழப்பதும் அதன் விளைவுகள். ஆதலின் சொல்மீட்புச் சிகிச்சை என்பது சொற்பட்டியலை ஒப்புவிக்கச் செய்யும் பயிற்சி மட்டுமன்று. ஒருவர் தம் வீட்டாரோடு உரையாடும் நிலையை இயன்ற காலம்வரை காப்பதே அதன் நோக்கம்.

சொல் வெளிப்படும் இரு வழிகள்

ஒரு பொருளைக் கண்டு பெயரிடும் செயல் பல படிகளைக் கொண்டது. கண்ட பொருளை இன்னதென அறிதல், அதற்குரிய சொல்லைத் தெரிந்தெடுத்தல், அச்சொல்லின் ஒலிவடிவத்தை மீட்டல், ஒலித்தல் என அப்படிகளை வகுக்கலாம். வில்லெம் லெவெல்ட்டும் அவர்தம் குழுவினரும் 1999இல் விரிவாக வெளியிட்ட கோட்பாடு, சொல்லைத் தெரிதலும் அதன் ஒலிவடிவத்தை மீட்டலும் தனித்தனி நிலைகள் என வற்புறுத்துகிறது. சொல் நாநுனியில் நிற்கிறது என உணர்ந்தும் அதைச் சொல்ல இயலாத நிலையை பிரவுன், மெக்நீல் ஆகியோர் 1966இல் ஆய்ந்தனர். அந்நிலையில் இருப்போர் பலர் சொல்லின் முதலெழுத்தையும் அசை எண்ணிக்கையையும் ஓரளவு சரியாகக் கூறினர். பொருளை அறிதலும் ஒலியை எட்டுதலும் வேறு என்பதற்கு இதுவும் சான்று.

தமிழ்ச் சொற்றொகுப்பு மரபு இவ்விரு வழிகளையும் நன்கறியும். திவாகரம் முதலிய நிகண்டுகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருளினத்தால் சொற்களைத் தொகுத்தன. அகராதிகள் எழுத்து முறையால் அடுக்கின. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளைக் கொண்டு, பொருள்வழித் தேடலுக்கும் ஒலிவழித் தேடலுக்கும் ஒரே நூலில் இடமளித்தது. மனத்தின் சொற்களஞ்சியம் ஏட்டு வடிவினதன்று. எனினும் பொருளினத்தால் நெருங்கிய சொற்களும் ஒலியால் நெருங்கிய சொற்களும் அதில் தனித்தனியே தொடர்புற்றிருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள இவ்வொப்புமை உதவும். காலிபிளவருக்குப் பசலைக்கீரை என்பது பொருளினத்துக்குள் நிகழும் பிறழ்ச்சி. குதிரை எனச் சொல்ல வேண்டிய இடத்தில் குதிகால் என்பது ஒலியினத்துக்குள் நிகழும் பிறழ்ச்சி.

இழப்பின் வகைகள்

1975இல் எலிசபெத் வாரிங்டன், பொருளறிவு மட்டும் தனித்துச் சிதைந்த மூன்று நோயரைப் பற்றி எழுதினார். 1982இல் மார்சல் மெசுலாம், பொதுவான அறிவுச் சிதைவின்றி மொழித்திறன் மட்டும் மெல்ல மெல்லக் குன்றிய ஆறு நோயரைப் பற்றி வெளியிட்டார். இவற்றின் தொடர்ச்சியாக, படிப்படியாக வளரும் மொழியிழப்பு நோயை மூன்று வகைகளாகப் பகுக்கும் அளவுகோல்கள் 2011இல் வகுக்கப்பெற்றன. சொல்மீட்புச் சிகிச்சைக்கு அவற்றுள் இரண்டு மிகவும் தொடர்புடையவை.

முதலாவது, பொருண்மைச் சிதைவு வகை. மூளையின் பொட்டுமடல்களின் முன்பகுதி தேய்வதால் சொல்லின் பொருளே மங்குகிறது. இங்குச் சிறப்புப்பெயர் முதலில் மறைய, பொதுப்பெயர் சிலகாலம் நிற்கும். கொக்கு எனச் சொல்ல இயலாதவர் பறவை என்பார். பின்னர் அதுவும் போய் ‘அது’ என்பது மட்டும் எஞ்சும். சொல்லை எடுத்துக் கொடுத்தாலும், ‘கொக்கு என்றால் என்ன?’ என வினவும் நிலை இவ்வகையின் அடையாளம்.

இரண்டாவது, ஒலிவடிவம் எட்டாத வகை. இடப்பக்க மூளையின் பொட்டுமடலும் உச்சிமடலும் கூடுமிடத்தைச் சார்ந்த சேதத்தால் இது தோன்றுகிறது. பொருளின் பயன், இடம், தன்மை யாவற்றையும் விளக்குவார். பெயர் மட்டும் வாராது. முதலொலியை எடுத்துக் கொடுத்தால் பலமுறை சொல் வந்துவிடும். வந்ததும் ‘ஆம், அதுதான்’ என ஏற்பார்.

அல்சைமர் நோயில் இவ்விரு கூறுகளும் வெவ்வேறு அளவில் கலந்து, அண்மை நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க இயலாமையும் சேர்ந்து காணப்பெறும். எனவே, சிகிச்சை தொடங்குமுன் அறிய வேண்டியது எத்தனை சொற்கள் வரவில்லை என்பதன்று, அவை ஏன் வரவில்லை என்பதே. பெயர் வாராதபோது பொருளை விளக்கச் செய்தல், முதலொலி கொடுத்துப் பார்த்தல், பெயரைச் சொல்லிப் படங்களுள் உரியதைக் காட்டச் சொல்லுதல் ஆகிய மூன்று எளிய சோதனைகள் இதற்கு வழிகாட்டும்.

சிகிச்சை நெறிகள்

பொருட்குறிப்பு நெறியில், ஒரு பொருளின் இனம், பயன், இடம், வடிவம், தொடர்புடைய நினைவு ஆகியவற்றை நோயர் ஒவ்வொன்றாகக் கூறுவார். சொல்லைச் சூழ்ந்த பொருட்டொடர்புகள் வலுப்பெற, சொல்லும் எளிதில் எழும் என்பது இதன் அடிப்படை. ஒலிக்குறிப்பு நெறியில் முதலொலி, முதலசை, இயைபுடைய சொல் ஆகியன துணையாகின்றன.

இவ்விரண்டையும் இணைத்து பெலாஜி பீசன், மாயா ஹென்றி முதலியோர் உருவாக்கிய பயிற்சியில் ஒவ்வொரு சொல்லும் பல படிகளைக் கடக்கிறது. குடை என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்கலாம். நோயரின் சொந்தக் குடையின் படம் காட்டப்படும். எதற்குப் பயன்படும், வீட்டில் எங்கே மாட்டியிருக்கும் என அவர் கூறுவார். குடையோடு தொடர்புடைய தம் நினைவு ஒன்றைச் சொல்வார். பின்னர் முதலொலியையோ முதலெழுத்தையோ நினைவுகூர முயல்வார். இயலாவிடின் அது கொடுக்கப்படும். சொல்லை எழுதி, பலமுறை ஒலித்து, இறுதியில் துணையின்றி நினைவிலிருந்து கூறுவார். சொல்லைப் பெறுவதோடு, சொல் வராதபோது தாமே அதனை நோக்கிச் செல்லும் வழியைப் பழகுவதும் இதன் பயன்.

அண்மை நினைவு குன்றியோருக்கு இரண்டு நெறிகள் துணைசெய்யும். ஒன்று, பிழை தவிர்ப்புக் கற்றல். நினைவிழந்தோர், தாம் கூறிய பிழையையே சரியெனக் கற்றுவிடும் இயல்புடையர் ஆதலின், ஊகிக்கச் சொல்லாமல் சரியான விடையை முதலிலேயே தருவது நன்று என்பதை பேட்லி, வில்சன் ஆகியோரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மற்றொன்று, இடைவெளி மீட்பு. கற்ற சொல்லைச் சிறிது நேரங்கழித்துக் கூறச் செய்து, வெற்றி பெறுந்தோறும் இடைவெளியை நீட்டுவதும், தவறினால் முந்தைய இடைவெளிக்குத் திரும்புவதும் இதன் முறை. 1978இல் லாண்டவர், பியோர்க் ஆகியோர் நலமுடையோரிடம் ஆய்ந்த இம்முறையை கேமரன் கேம்ப் டிமென்ஷியா நோயருக்கு ஏற்றதாக்கினார்.

குழுவாக அமர்ந்து உரையாடல், பாடல், சொல்விளையாட்டு, நடப்புச் செய்தி ஆகியவற்றில் ஈடுபடுத்தும் அறிதிறன் தூண்டல் சிகிச்சை இவற்றிலிருந்து வேறுபட்டது. 2003இல் ஏமி ஸ்பெக்டரும் பிறரும் வெளியிட்ட ஆய்வில் 7 வாரங்களில் 14 அமர்வுகளாக அது நிகழ்ந்தது. குறிப்பிட்ட சொற்களை மீட்பது அதன் இலக்கன்று. பேசுவதற்கான சூழலையும் விருப்பத்தையும் உண்டாக்குவதே அதன் வலிமை. சென்னையிலும் இச்சிகிச்சை உள்ளூர்ப் பண்பாட்டுக்கேற்பத் தகவமைக்கப்பெற்றுள்ளது.

பயனும் எல்லையும்

கிம் கிரகாமும் பிறரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், டி.எம். என்னும் எழுத்துகளால் குறிக்கப்பெற்ற பொருண்மைச் சிதைவு நோயர் ஒருவர் சொற்பட்டியல்களை வீட்டில் இடைவிடாது பயின்றார். பயிற்சிக் காலத்தில் அவர் கூறிய சொற்களின் எண்ணிக்கை வியக்கத்தக்க அளவு உயர்ந்தது. பயிற்சி நின்றதும் சரிந்தது. பட்டியலில் கண்ட வரிசையைப் பெரிதும் ஒட்டியே அவர் சொற்களைக் கூறினார். அதாவது, ஒலிவடிவம் மனப்பாடமாயிற்றே தவிர, தேய்ந்த பொருளறிவு மீளவில்லை. 2002இல் ஸ்னோடன், நியரி ஆகியோர், பொருளைப் பற்றிய அறிவு ஓரளவேனும் எஞ்சியிருக்கும் சொற்களே மீண்டும் கற்கவும் நிலைக்கவும் ஏற்றவை எனக் காட்டினர். ஹென்றியும் பிறரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பயின்ற சொற்களில் பெற்ற பயன் ஓராண்டு வரையிலும் நீடித்தது.

இவ்வாய்வுகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். பயின்ற சொற்களே பெரும்பாலும் மீள்கின்றன. பயிலாத சொற்களுக்குப் பயன் பரவுதல் குறைவு. பொருளறிவு முற்றும் போவதற்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். தொடங்கிய பயிற்சி ஏதேனும் ஒரு வடிவில் தொடர வேண்டும். நோயின் போக்கை இச்சிகிச்சை நிறுத்துவதில்லை. எல்லாச் சொற்களையும் காக்க இயலாது என்னும்போது, எந்தச் சொற்களைக் காப்பது என்பதே சிகிச்சையின் தலையாய வினாவாகிறது. மாத்திரை, கண்ணாடி, வெந்நீர், கழிவறை, வலி என்பன நாளும் வேண்டுவன. பேரப்பிள்ளைகளின் பெயர், வழிபடும் தெய்வத்தின் பெயர், செய்த தொழிலின் கருவிப்பெயர் என்பன ஒருவரை அவராக நிறுத்துவன. இத்தெரிவை நோயரும் குடும்பத்தினரும் கூடிச் செய்தல் வேண்டும்.

தமிழ்ச் சூழலில் கருதத்தக்கவை

மதிப்பீட்டுப் படங்கள்: பெயரிடல் திறனை அளக்க உலகெங்கும் கையாளப்படும் பாஸ்டன் பெயரிடல் சோதனை (1983) 60 கோட்டோவியங்களைக் கொண்டது. அவற்றுள் பீவர், பிரெட்செல், இக்ளூ முதலியனவும் அடங்கும். வாழ்நாளில் காணாத பொருளுக்குத் தமிழ் முதியவர் பெயர் சொல்லாமை நோய்க்குறியாகாது. படங்கள் வாழ்ந்த சூழலிலிருந்து எடுக்கப்பெறுதல் வேண்டும். நெசவாளருக்குத் தறியும், மீனவருக்குத் துடுப்பும் எளியன. பிறருக்கு அவை அரியன.

இரட்டை வழக்கு: பேச்சுத்தமிழில் சொன்முதல் இகர உகரங்கள், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது எகர ஒகரங்களாகத் திரிதல் பரவலான வழக்கு. இலை ‘எலை’ ஆகிறது. விறகு ‘வெறகு’ ஆகிறது. குடை ‘கொடை’ ஆகிறது. உலக்கை ‘ஒலக்கை’ ஆகிறது. ஒலிக்குறிப்பு நெறியில் இது சிறு செய்தியன்று. வாழ்நாள் முழுதும் ‘எலை’ எனப் பேசியவர்க்கு ‘இ’ என்னும் முதலொலி துணையாகாமல் திசைதிருப்பக்கூடும். எனவே, குறிப்பு எந்த வடிவினின்று எடுக்கப்பெற வேண்டும் என்பதை நோயரின் நாவழக்கே முடிவு செய்யும். எழுதிப் பயிலுங்கால் எழுத்து வடிவமும், பேசிப் பயிலுங்கால் பேச்சு வடிவமும் வெவ்வேறாக நிற்பதைப் பயிற்றுநர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். வட்டார வழக்கும் இவ்வாறே. நாற்காலி என்பது யாழ்ப்பாணத்தவர்க்குக் கதிரை. அவர் கதிரை என்பதைப் பிழையெனக் குறித்தல் கூடாது.

எழுத்தமைப்பு: தமிழில் உயிர்மெய்யெழுத்து மெய்யையும் உயிரையும் ஒருங்கே தருவதால், எழுத்துவழி முதற்குறிப்பு தேடும் எல்லையைப் பெரிதும் சுருக்குகிறது. ஆயினும் ‘பல்’, ‘பஸ்’ ஆகிய இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒலியால் வேறுபடுகின்றன. கடன்சொற்களுக்கு எழுத்துக்குறிப்பைக் காட்டிலும் ஒலித்துக் காட்டுதலே ஏற்றது. எழுத்தறியாத முதியோர்க்கும் அதுவே வழி.

வினைச்சொல்: சிகிச்சை ஆய்வுகளுள் பெரும்பகுதி பெயர்ச்சொற்களையே கருதுகின்றது. தமிழன்றாட வாழ்வோ நுண்ணிய வினைகளால் நிறைந்தது. கீரையை ஆய்தல், வெங்காயத்தை நறுக்குதல், தேங்காயைத் துருவுதல், கதிரை அறுத்தல் ஆகியவை வெவ்வேறு செயல்கள். இவ்வினைகள் நழுவும்போது ‘பண்ணு’, ‘செய்’ ஆகிய பொதுவினைகள் அவ்விடத்தை நிரப்பிவிடும். காபியையும் சோற்றையும் ‘சாப்பிடு’ என்னும் ஒரே வினையால் குறிப்பது நலமுடையோரிடமும் உள்ள வழக்காதலின், வினையிழப்பு கேட்போர் செவிக்கு எளிதில் புலப்படாது. எழுவாயைத் தொகுத்துப் பேசுதலும், ‘அதை’, ‘அங்கே’ எனச் சுட்டிப் பேசுதலும் இவ்வாறே தொடக்கநிலை இழப்பை மறைக்கக்கூடியன. எனவே, தனிப்படங்களோடு சமையல், கோலம், பூத்தொடுத்தல் முதலிய செயல்களைச் செய்துகொண்டே விவரிக்கச் செய்தல் மதிப்பீட்டிற்கும் பயிற்சிக்கும் வேண்டற்பாலது.

உறவுப்பெயர்: தமிழர் குடும்பங்களில் மூத்தோரை இயற்பெயரால் விளிக்காது உறவுமுறையால் விளிப்பதே மரபு. ஆதலின் இயற்பெயர் மறந்தமை நெடுநாள் வெளிப்படாதிருக்கலாம். மறுபுறம், சித்தப்பா, பெரியப்பா, மாமா ஆகிய சொற்கள் தந்தைவழி, தாய்வழி, மூப்பு, இளமை ஆகிய வேறுபாடுகளைத் தாங்கி நிற்பதால் பொருட்குறிப்பு நெறிக்கு மிகப் பொருத்தமானவை. ‘அம்மாவின் தம்பி’ என்னும் குறிப்பு ‘மாமா’ என்னும் சொல்லுக்கு நேர்வழி. குடும்பப் படத்தொகுப்பைக் கொண்டு இப்பயிற்சியை வீட்டிலேயே நிகழ்த்தலாம்.

இருமொழியம்: சுவர்ணா அல்லாடியும் பிறரும் ஹைதராபாத்தில் 648 நோயரை ஆய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, இருமொழியாளரிடம் டிமென்ஷியா ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியதைக் காட்டியது. எனினும், தோன்றிய பின்னர்ச் சொல்லிழப்பு இருமொழியாளருக்கும் உரியதே. தமிழில் வராத சொல் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ வருமாயின், அதனை வெற்றியாகவே ஏற்க வேண்டும். உரையாடல் தொடர்வதே இலக்காதலின், மொழித்தூய்மை இங்கு அளவுகோலாகாது.

மனப்பாடத் தொடர்கள்: நாட்பெயர் வரிசை, இளமையில் பயின்ற செய்யுள், பழமொழி ஆகியவை சொல்லிழந்தோரிடமும் தடையின்றி வெளிப்படுவதுண்டு. பழமொழியின் முற்பகுதியைச் சொல்லப் பிற்பகுதி தானே வருகிறது. இது மன நிறைவும் பேசும் ஊக்கமும் தரும். ஆனால், தொடரில் வந்த சொல் தொடருக்கு வெளியே வேண்டியபோது வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இதனைப் பயிற்சியின் தோற்றுவாயாகக் கொள்ளலாம், சொல்மீட்பின் சான்றாகக் கொள்ளலாகாது.

உரையாடல் துணைவரின் பங்கு

சொல்மீட்பு நோயரின் முயற்சியால் மட்டும் நிறைவுறுவதன்று. சொல் வரும்வரை காத்திருத்தல், ‘காபியா, பாலா?’ என இரண்டைக் காட்டி வினவுதல், பொருள் விளங்கிய பின்னும் சரியான சொல்லைச் சொல்லுமாறு வற்புறுத்தாமை ஆகியன துணைவர் பழக வேண்டியவை. ‘இவர் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்’ என உறவினர் முன்னிலையில் சோதித்தல் முதியவரை நாணச் செய்யும். ‘இவன் உங்கள் பேரன் முருகன், பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறான்’ எனப் பெயரையும் உறவையும் தாமே எடுத்துரைத்தல் பிழை தவிர்ப்பு நெறிக்கும் ஒத்தது, மூத்தோர்க்குரிய மதிப்பிற்கும் ஒத்தது. குழந்தைகளுக்கான படப்புத்தகங்களைப் பயிற்சிக்குக் கையாள்வதும் இதே காரணத்தால் தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

டிமென்ஷியா நோயரின் சொல்லிழப்பு ஒரு தன்மையதன்று. பொருள் தேய்ந்தார்க்கு எஞ்சிய பொருளறிவைப் பற்றிக்கொண்டு இடையறாது பயிலும் வழியும், ஒலி எட்டாதார்க்குக் குறிப்புகளைத் தாமே தேடும் வழியும், நினைவு குன்றினார்க்குப் பிழை தவிர்ப்பும் இடைவெளி மீட்பும் பொருந்துவன. பயன் பெரும்பாலும் பயின்ற சொற்களோடு நிற்பதால், சொற்றெரிவே சிகிச்சையின் உயிர்நிலை. அத்தெரிவு நோயரின் வீட்டுவழக்கு, வட்டாரம், தொழில், உறவு ஆகியவற்றிலிருந்து எழுதல் வேண்டும். இதற்குத் தேவையான பேச்சுவழக்குச் சொல்வரிசைகள், வழக்குமிகுதி எண்ணிக்கைகள், வினைச்சொற் படத்தொகுதிகள், வட்டார வேறுபாட்டுப் பட்டியல்கள் ஆகியவற்றை ஆக்கும் திறன் தமிழ் மொழியியலாரிடம் உண்டு. பேச்சுப் பயிற்றுநரும் மொழியியலாரும் கூடி இவற்றை உருவாக்குவராயின், தமிழ் முதியவர் தம் நாவில் பழகிய சொல்லாலேயே சிகிச்சை பெறும் நிலை உண்டாகும்.